ஓடிவரும் அக்கா தங்கையோடு எங்கள் மலைக்கு வரும் இயக்குநர்களுக்கு

தமிழில் குற்றப்படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவர்களோடு உட்கார்ந்து கதை எழுதுகிறவர்களுக்கும், லொக்கேஷன் பார்க்க முன்னால் வந்துபோகும் உதவி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். தையல் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர். ஐம்பது வயதாகிறது எனக்கு. இதுவரை கடிதம் என்று எழுதியதெல்லாம் என் தங்கைக்கு மட்டும்தான்.

போன ஆனி மாதச் சாரலில் நாலு பிள்ளைகள் ஒரு காரில் வந்து, என் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கினார்கள். படம் எடுக்கப் போகிறார்களாம். ‘நியோ-நுவார் கிரைம் திரில்லர்’ என்றார்கள். அக்காவும் தங்கையும் ஒரு தாதாவின் பணப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லையிலுள்ள புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஓடுகிறார்கள். அதுதான் ஒன்லைன். கேட்டதும் தைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அப்புறம் அவர்கள் கேட்டதெல்லாம் வேறு. இங்கே கஞ்சா எந்த இடத்தில் கைமாறும், பிணத்தைப் போட்டால் தெரியாத பள்ளம் எது, செக்போஸ்ட்டில் லாரியை விட்டு உடைக்க அனுமதி கிடைக்குமா. தங்கச்சி இன்டர்வெல்லில் செத்துப்போகிறாள், அதற்குப் பிறகு அக்கா பழிவாங்குகிறாள் என்று ஒரு பிள்ளை சொன்னான். நல்ல பிள்ளைகள்தான். மரியாதையாகப் பேசினார்கள், டீக்கடைக்காரர் பேரனோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. மொழிவழி மாநிலம் பிரித்தபோதுதான் இந்தப் பக்கம் வந்தோம். தாலுகாவின் மலைப்பகுதி, ஆரியங்காவு எல்லாம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை போட்ட வளைவு இன்றைக்கும் எங்கள் ஊரில் நிற்கிறது. பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, காய்கறி ஏற்ற, ரப்பர் வெட்ட என்று எந்த நேரமும் போய்வந்துகொண்டே இருக்கிறோம். கம்பம், போடி, கூடலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். விடியுமுன்னே தூக்குச்சட்டியோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம்மெட்டும் போடிமெட்டும் குமுளியும் கடந்து ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை எண்ணி முடியாது. எல்லையைத் தினமும் தாண்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்தானோ என்றுகூட எனக்குத் தோன்றும். ஆனால் உங்கள் படங்களில் எல்லையைத் தாண்டுகிறவன் எப்போதும் மீசை வைத்த ஒருவன், கையில் ஒரு அரிவாளோ துப்பாக்கியோ.

மலையாளப் படத்தில் கொலைகாரன் ஒளிய வரும் ஊர் எங்கள் ஊர். தமிழ்ப் படத்தில் பிணத்தை எறிய நீங்கள் போகும் காடு அவர்களுடைய காடு. இரண்டு பக்கமும் சேர்ந்து இந்த மலையைக் குப்பைக்கிடங்கு ஆக்கிவிட்டீர்கள். இங்கே குடியிருக்கிறவர்களுக்கு அது வலிக்கிறது.

செக்போஸ்ட்டைப் பற்றியும் ஒன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு வணிகவரிச் சோதனைச்சாவடி போய்விட்டது. போலீஸ், ஆர்டிஓ, காட்டிலாகா, மது, கால்நடை என்று மற்றவை இருக்கின்றன. அங்கே கோழியைப் பார்ப்பார்கள், மணலைப் பார்ப்பார்கள், சாராயத்தை முகர்ந்து பார்ப்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்களை யாரும் இறக்கிக் கேட்பதில்லை. அவர்களைக் கேள்வி கேட்பது வேறு ஆட்கள். டிக்கெட் கிழிக்கும் கண்டக்டர், பக்கத்து சீட்டு ஆச்சி, விடுதியில் ரிஜிஸ்டர் வைத்திருக்கும் அம்மா, நகைக்கடையில் தராசுக்குப் பின்னால் இருப்பவர். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. “கூட ஆம்பளை யாரும் வரலையா?” மலைக்கு அந்தப் பக்கம் அதே கேள்வி, “கூடெ ஆரும் இல்லே?”

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் என் தங்கையும் ஓடியிருக்கிறோம்.

1999-இல். எனக்கு இருபத்து நாலு, அவளுக்குப் பத்தொன்பது. அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பா தன் கடனுக்கு ஈடாகத் தங்கச்சியை ஒருவருக்கு ரெண்டாம் தாரமாகப் பேசி முடித்துவிட்டார். மாப்பிள்ளைக்கு என் அம்மாவைவிட வயது கூட. தட்டு மாற்றியபோது நகைக்கென்று அவர்கள் தந்த முன்பணம் சித்தப்பா பீரோவில் இருந்தது. அதில் 3,400 ரூபாயை நான் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வது சரியில்லை, திருடினேன். அந்தத் தொகை இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இருட்டு பிரிவதற்குள் வீட்டைவிட்டு இறங்கினோம். ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேர நடை. அப்போது மீட்டர்கேஜ். 1904-இல் போட்ட பாதை அது, 2010-இல் அகலப்பாதைக்காக மூடி 2018-இல்தான் திரும்பத் திறந்தார்கள். கொல்லம் போகும் முதல் வண்டியில் ஏறினோம். பகவதிபுரம் தாண்டினால் ஒரு நீளமான குகை. அதன் இந்த வாய் தமிழ்நாடு, அந்த வாய் கேரளம். வண்டி மலை ஏறுவதற்காகப் பின்பக்கமும் ஒரு எஞ்சின் மாட்டியிருப்பார்கள். யாரோ பின்னால் வந்து தள்ளுகிற மாதிரியே இருக்கும். பெட்டியில் விளக்கு எரியவில்லை. குகைக்குள் புகுந்ததும் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். கரிப்புகை மாதிரி ஈரக்காற்று உள்ளே வந்தது. தங்கை என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். “எக்கா, இப்ப நம்மள யாரும் பாக்க முடியாதுல்லா?”

முடியாதுட்டி என்றேன். அவள் சிரித்தாள். மூன்று மாதமாக அவள் சிரித்து நான் கேட்கவில்லை. வெளிச்சம் வந்ததும் நின்றுவிட்டது.

நீங்கள் சொல்கிற அந்த ‘நுவார்’ என்ன என்று அப்புறம் படித்துப் பார்த்தேன். அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்பு என்று அர்த்தமாம். யுத்த காலத்து அமெரிக்கப் படங்களைப் பார்த்து 1946-இல் ஒரு பிரெஞ்சு விமர்சகர் சொன்னாராம். நிழல், ஈரத்தெரு, நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க முடியாத ஆட்கள், செய்த தப்பு பின்னாலேயே வருவது. இதைப் படித்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. 1954-இல் வந்த ‘அந்த நாள்’ படத்தைப் பிறகு ஒரு தடவை எங்கள் ஊரில் போட்டபோது அப்பாதான் ஓட்டினார். ஒரு பாட்டுக்கூட இல்லாத படம். புருஷன் சுட்டுக் கொல்லப்படுகிறான், யார் சுட்டது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கடைசியில் அவனைச் சுட்டது மனைவி. தேசத்துக்குத் துரோகம் செய்கிற புருஷனா, நாடா என்ற இடத்தில் நின்று அவள் துப்பாக்கியைப் பிடிக்கிறாள். எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே தமிழில் இருட்டுப் படத்தின் முழுப் பாரத்தையும் ஒரு பெண்ணின் மனசு தாங்கியிருக்கிறது. அதற்கப்புறம் எத்தனை படங்களில் அந்த இடத்தைப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? சுடப்படுவதற்கும் கடத்தப்படுவதற்கும்தான் கூப்பிடுகிறீர்கள்.

அப்பாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலுக்கு அது உதவும். அவர் காலத்து மெஷினில் கார்பன் குச்சி இரண்டு எதிரெதிரே எரியும். எரிய எரியக் குச்சி தேயும், இடைவெளி கூடும், வெளிச்சம் மங்கும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். படத்தில் ராத்திரிக் காட்சி வந்தால் அப்பா மெஷினைவிட்டு அசையமாட்டார். வெளிச்சம் ஒரு பொட்டுக் குறைந்தாலும் திரையில் கறுப்புத் துணி விரித்த மாதிரி ஆகிவிடும், ஜனம் விசிலடித்துக் கத்தும். “இருட்டுங்கறது ஒண்ணும் தெரியாம இருக்கறது இல்ல. கறுப்புக்குள்ள கறுப்பு தெரியணும்” என்பார். இன்றைக்கு டிஜிட்டல் வந்துவிட்டது. ஆனாலும் சின்ன ஊர்த் தியேட்டர்களில் மங்கின விளக்கில் உங்கள் ராத்திரிக் காட்சிகள் பாதி காணாமல் போகின்றன. பெரிய ஸ்டுடியோவில் வண்ணம் சரிபார்க்கும்போது எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் நாங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்திருக்கிறோம்.

கறுப்புக்குள் கறுப்பு என்று அவர் சொன்னது எனக்குப் புனலூரில்தான் புரிந்தது.

புனலூரில் இறங்கி முதல் நாள் சாயங்காலம் கல்லடை ஆற்றுத் தூக்குப்பாலத்தில் நின்றோம். 1877-இல் கட்டினது. எங்கே போவது என்று தெரியவில்லை. ஒரு விடுதியில் அப்பாவோ அண்ணனோ வந்து கையெழுத்துப் போட்டால்தான் இடம் என்றார்கள். இன்னொன்றில் எங்கள் தமிழைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். பாண்டிகள் என்று உள்ளே சொன்னது காதில் விழுந்தது. கடைசியில் சாயா விற்றுக்கொண்டிருந்த ஒரு சேச்சி எங்களைப் பார்த்து, “பேடிக்கண்டா மோளே”, பயப்படாதே மகளே என்று சொல்லி, தன் வீட்டுச் சாய்ப்பில் படுக்கவைத்தார். அவர் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவரும் என்றோ ஒரு ராத்திரியில் எங்கிருந்தோ இறங்கி வந்தவராக இருக்கலாம். நானும் அதைக் கேட்கவில்லை.

ஒரு ஜவுளிக்கடையில் மடிப்பு வேலை கிடைத்தது. பத்தொன்பதாவது நாள். தலைகுனிந்து வேட்டி மடித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே வந்து நின்ற காலைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் தெருக்காரர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் லாரி ஓட்டுகிறவர். என்னை நேராகப் பார்த்தார். துண்டு ஒன்று எடுத்தார், பில் போட்டார், பணம் கொடுத்தார், போய்விட்டார். ஒரு வார்த்தை இல்லை.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம், தமிழ்நாட்டு நம்பர் போட்ட எந்த லாரி தெருவில் நின்றாலும் எங்களுக்குச் சோறு இறங்காது. ராத்திரி தங்கை தூங்கமாட்டாள், அவள் தூங்காததைப் பார்த்து நானும் தூங்கமாட்டேன். அந்த நாட்களில்தான் அவள் ஒரு தடவை கேட்டாள், “நீ எனக்காக வந்தியா, உனக்காக வந்தியா?” பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் அந்த வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்றிருந்தது. அவள் கல்யாணத்தை நான் சாக்காக எடுத்துக்கொண்டேனா? துப்பாக்கி ஏந்தின பத்துப் பேர் துரத்தினாலும் இந்தக் கேள்விக்குச் சமமாகாது. இரண்டு பெண்கள், ஒரு பாய், ஒரு கேள்வி. அக்கா தங்கை ஓடும் படத்தில் நான் பார்க்க ஆசைப்படுவது இதைத்தான். அவர்களுக்குள் நம்பிக்கை எங்கே கிழிகிறது, யார் யாரை எதற்காக இழுத்து வந்தார்கள், முதலில் திரும்பிப்போக நினைத்தது யார். தங்கச்சியை இன்டர்வெல்லில் கொன்றுவிட்டால் இதெல்லாம் யாரிடம் நடக்கும்? இரண்டு பேரையும் கடைசி வரைக்கும் உயிரோடு வையுங்கள். அதுதான் எழுதுவதற்குக் கஷ்டம். கொல்வது சுலபம்.

சட்டத்தையும் கொஞ்சம் சரியாகக் காட்டுங்கள். சித்தப்பா இரண்டு புகார் கொடுத்தார், பெண்களைக் காணவில்லை என்று ஒன்று, திருட்டு என்று ஒன்று. பதினெட்டு முடிந்த பெண் தன் விருப்பப்படி போனால் அவளை யாரும் இழுத்துக்கொண்டு வரமுடியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் பாதி பயம் போயிருக்கும். இப்போது 181 என்று பெண்களுக்கு உதவி எண் இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவுசெய்யவேண்டும் என்று 173-ஆம் பிரிவு சொல்கிறது. எல்லையில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். எங்கள் காலத்தில் இங்கே போனால் அங்கே போ, அங்கே போனால் இங்கே போ. உங்களுக்குக் கதைக்கு முடிச்சு வேண்டுமென்றால் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் ஒரு ஆட்கொணர்வு மனு போதும். வீட்டார் மனு போடுகிறார்கள், போலீஸ் இரண்டு பெண்களையும் கொண்டுவந்து நிறுத்துகிறது, நீதிபதி கேட்கிறார், “நீ யாரோடு போக விரும்புகிறாய்?” அந்த ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் உள்ள மௌனத்தை நீங்கள் எடுத்துக்காட்டினால், அதைவிடத் திகில் எனக்குத் தெரிந்து இல்லை.

நாங்கள் கோர்ட்டுக்குப் போகவில்லை. மாப்பிள்ளை வேறு பெண் பார்த்துக்கொண்டார். 3,400 ரூபாயையும் நாலு தவணையாகச் சித்தப்பாவுக்கு மணியார்டர் அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் அவர் கையெழுத்துப் போட்ட ரசீது மட்டும் திரும்பி வரும். ஒரு வரி எழுதியதில்லை. 2003-இல் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு நான் திரும்பிவந்தேன். தங்கை வரவில்லை. புனலூரிலேயே கல்யாணம் செய்துகொண்டு இருக்கிறாள். அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசவரும், வாசிக்க வராது.

இப்போது நான் கேட்க வந்த இன்னொன்று. ஓடுகிற படத்தில் எல்லாம் கேமரா ஓடுகிறவர்களோடேயே ஓடுகிறது. வீட்டில் நின்றவளை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நாங்கள் போன அன்றைக்கு அடி வாங்கியது அம்மா. எங்கே அனுப்பினாய் என்று அம்மாவைத்தான் கேட்டார்கள். காவல் நிலையத்தில் சாயங்காலம் வரைக்கும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். எந்தக் காவல் நிலையம் என்று எழுதப்போவதில்லை. அம்மா எல்லாரிடமும் சொன்னது ஒன்றே, “நான் அசந்து தூங்கிட்டேன்.”

நான் திரும்பிவந்த வருஷம் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். எங்கள் வீட்டுப் பின்கதவுக் கொண்டி துருப்பிடித்தது, தள்ளினால் தெருவே எழும்பும். அன்றைக்கு மட்டும் எப்படிச் சத்தமில்லாமல் திறந்தது? அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள். “முந்தின நாளே எண்ணெய் விட்டு வச்சேம்லா.”

அந்த லாரிக்காரர் புனலூரில் எங்களைப் பார்த்ததை அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாராம். அம்மா அதை நாலு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ரேஷன் கார்டிலிருந்து எங்கள் இரண்டு பேர் பெயரையும் நீக்க சித்தப்பா சொன்னபோது மட்டும், வேண்டாம் என்று நின்றாளாம்.

எண்ணெய்க் கிண்ணத்தோடு ராத்திரி பின்கதவுக்கு வரும் ஒரு பெண்ணை உங்கள் படத்தில் எடுங்கள். அவளுக்கு வசனம் வேண்டாம். அவள் என்ன செய்தாள் என்பது பார்க்கிறவர்களுக்கு அப்போது தெரியவேண்டியதும் இல்லை. அவள் கை, கொண்டி, கிண்ணம். கறுப்புக்குள் கறுப்பு தெரியுமளவு வெளிச்சம் மட்டும் வையுங்கள்.

அந்த நாலு பிள்ளைகள் திரும்ப வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். வருகிறவர்கள் காரில் வரவேண்டாம். செங்கோட்டையில் ரயில் ஏறுங்கள், இப்போதும் வண்டிக்குப் பின்னால் எஞ்சின் மாட்டித்தான் தள்ளுகிறார்கள். குகைக்குள் போகும்போது போனை அணைத்துவையுங்கள். குகை முடிந்தால் ஆரியங்காவு, அப்புறம் பதின்மூன்று கண் பாலம், தென்மலை, புனலூர். புனலூரில் என் தங்கை சாயா போட்டுத் தருவாள். அவளிடம் என்னைப் பற்றிக் கேளுங்கள். அவள் சொல்லும் கதை நான் சொன்ன மாதிரி இருக்காது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆடி முடிவதற்குள் வந்தால் சாரலும் கிடைக்கும், மழை மெஷின் வாடகை மிச்சம்.

இப்படிக்கு,
ஆபரேட்டர் மகள்,
செங்கோட்டை